பத்து லட்சம் யானைகளின் நாடு!

உலகப் படத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குக் கிழக்கே விரலை நகர்த்துங்கள். வங்கக் கடல் வரும். அதைத் தாண்டினால் மியான்மர். நம் தாத்தாக்கள் பர்மா என்று சொன்ன நாடு. அதற்கும் அப்பால், தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நடுவே, நீளவாக்கில் ஒரு நாடு படுத்திருக்கும்.

அதுதான் லாவோஸ்!

சிங்கப்பூர் போய் வந்தவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். பாங்காக்கைப் பார்த்தவர்களும் உண்டு. லாவோஸ் போனேன் என்று சொல்பவர் அபூர்வம். அந்த நாட்டில் கடல் இல்லை. பெரிய தொழில் நகரம் இல்லை. வானளாவிய கட்டிடங்கள் அதிகம் இல்லை. ஆகவே சுற்றுலாப் பயணிகள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அவர்களுக்குத்தான் நஷ்டம்.

தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய நாடு அது. ஆனால் மக்கள் தொகை 80 லட்சம்கூட இல்லை. மிச்ச இடம் எல்லாம் மலை, காடு, ஆறு. 1353-ம் ஆண்டில் பா நிகும் என்ற ராஜா அங்கே ஒரு ராஜ்யத்தை அமைத்தார். அதற்கு "லான் சாங்" என்று பெயர். பத்து லட்சம் யானைகள் என்று பொருள். இன்று அங்கே உள்ள யானைகள் சில நூறுதான். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

விடியற்காலையில் ஒரு ஊர்வலம்

வடக்கே லுவாங் பிரபாங் என்ற ஊர். மீகாங் நதிக்கரையில் இருக்கிறது. முன்பு ராஜாக்கள் இருந்த ஊர். 1975-ல் மன்னராட்சி போய், கம்யூனிஸ்டு ஆட்சி வந்தது. அரண்மனை இப்போது அருங்காட்சியகம். 1995-ல் ஊர் முழுவதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

இந்த ஊரில் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாத நேரம் ஒன்று உண்டு. அது விடியற்காலை!

இருட்டுப் பிரியும்போதே பெண்கள் வீதி ஓரத்தில் பாய் விரித்து மண்டியிட்டு உட்காருகிறார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு மூங்கில் கூடை. கூடையில் சுடச்சுடச் சோறு. சற்று நேரத்தில் காவி உடுத்திய பிட்சுக்கள் வெறுங்காலோடு வரிசையாக வருகிறார்கள். முன்னால் பெரியவர்கள். கடைசியில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள். பெண்கள் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு பிடி சோறு வைக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வீதியின் கோடியில் ஏழைப் பிள்ளைகள் கூடையோடு காத்திருக்கிறார்கள். பிட்சுக்கள் தங்களுக்குக் கிடைத்ததில் ஒரு பங்கை அந்தக் கூடைகளில் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இதைக் கண்காட்சி என்று எண்ணிவிடுகிற பயணிகளும் இருக்கிறார்கள். பிட்சுவின் முகத்துக்கு நேரே காமிராவை நீட்டிப் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கிறார்கள். நம் கோவிலில் தீபாராதனை நேரத்தில் ஒருவர் அப்படிச் செய்தால் எப்படி இருக்கும்? எதிர்ச் சாரியில் ஒதுங்கி நின்று, தோள் மறைய உடுத்திப் பார்த்தால் போதும்.

கூடையில் இருக்கும் சோறு நாம் உண்ணும் சோறு அல்ல. செட்டிநாட்டுக் கவுனி அரிசியைப் போல ஒட்டிக்கொள்ளும் அரிசி, நிறம் வெள்ளை. இரவெல்லாம் ஊறவைத்து, மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைக்கிறார்கள். கையால் பிட்டு, உருண்டை பிடித்து, காரமான துவையலில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். கையால் சாப்பிடும் ஊர் என்றால் நமக்குப் பாதிக் கவலை தீர்ந்த மாதிரி! ஆனால் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பப்பாளிக் காயில் செய்யும் பச்சடியில்கூட மீன் சாறு கலப்பார்கள்.

இராமாயணம் அங்கேயும் உண்டு. அதற்கு "பிர லாக் பிர லாம்" என்று பெயர். லாக் என்றால் இலட்சுமணன். லாம் என்றால் இராமன். ஆம், தம்பி பெயர்தான் முன்னால்! புத்தாண்டும் நமக்கு அந்நியம் அல்ல. சித்திரை பிறக்கும் அதே ஏப்ரல் நாட்களில்தான் அங்கேயும் புத்தாண்டு. மூன்று நாட்கள் ஒருவர் மீது ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுகிறார்கள்.

தலைநகரின் பெயர் வியங்சன். சந்தன நகரம் என்று சொல்வார்கள். அங்கே ஒரு நாள் இருந்தால் போதும். நகர் நடுவே பெரிய வெற்றி வளைவு நிற்கிறது. விமான ஓடுபாதை போடுவதற்காக அமெரிக்கா கொடுத்த சிமெண்டில் அதைக் கட்டிவிட்டார்களாம். அதனால் அதற்கு "நின்றுகொண்டிருக்கும் ஓடுபாதை" என்று பட்டப்பெயர்!

வியங்சனிலிருந்து லுவாங் பிரபாங் போக முன்பெல்லாம் மலைப்பாதையில் ஒரு பகல் முழுவதும் ஆகும். 2021 டிசம்பரில் சீனா வரை ரெயில் பாதை திறந்தார்கள். இப்போது இரண்டு மணி நேரப் பயணம்தான். அதற்காகச் சீனாவிடம் வாங்கிய கடன் அந்தச் சிறிய நாட்டின் தோளில் இருக்கிறது.

மலையே சிவலிங்கம்!

தெற்குக் கோடியில், சம்பாசாக் என்ற பகுதியில், ஒரு மலை. உச்சியில் லிங்கம் போல ஒரு பாறை நிமிர்ந்து நிற்கிறது. பழங்காலத்தில் அதற்கு லிங்கபர்வதம் என்று பெயர். அடிவாரத்தில் சிவனுக்குக் கோவில் எழுப்பினார்கள். அதுதான் வாட் பூ. இன்று நாம் காணும் கட்டிடங்கள் பெரும்பாலும் 11-ம் நூற்றாண்டு முதல் 13-ம் நூற்றாண்டு வரை கெமர் ராஜாக்கள் காலத்தில் எழுந்தவை.

படிகள் செங்குத்தாக ஏறுகின்றன. இரு பக்கமும் சம்பா மரங்கள். பெயர் சம்பா என்றாலும் நம் செண்பகம் அல்ல. ஈழத்தலரி என்று நாம் சொல்லும் பூ. மேலே போனால் ஐராவதத்தின் மீது இந்திரன், கருடன் மீது விஷ்ணு என்று சிற்பங்கள். பின்னால் பாறையில் மும்மூர்த்திகள். மலையிலிருந்து ஓர் ஊற்று வருகிறது. அந்தத் தண்ணீரைக் கால்வாய் கட்டிக் கொண்டுவந்து லிங்கத்தின் மீது இடைவிடாமல் விழச் செய்திருந்தார்கள்.

இப்போது கருவறையில் இருப்பவர் புத்தர். மக்கள் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். சிற்பங்களை யாரும் உடைக்கவில்லை. இந்தியத் தொல்பொருள் துறையினரும் அங்கே போய், சரிந்த கற்களை எடுத்துக் கட்டும் வேலையைச் செய்திருக்கிறார்கள்.

ஜாடிகளும் குண்டுகளும்

வடகிழக்கே சியங் குவாங் மேட்டு நிலத்தில் கல் ஜாடிகள் கிடக்கின்றன. ஒன்று இரண்டு அல்ல, 2,000-க்கு மேல்! சில ஜாடிகள் ஆள் உயரத்தைவிடப் பெரியவை. அரக்கர்கள் மது குடித்த ஜாடிகள் என்பது ஊர்க் கதை. இறந்தவர்களுக்கான சடங்கில் பயன்பட்டவை என்பது ஆராய்ச்சியாளர்கள் முடிவு. நம் ஊர் முதுமக்கள் தாழி நினைவுக்கு வருகிறது அல்லவா?

ஜாடிகளுக்குப் பக்கத்தில் பெரிய பள்ளங்களும் இருக்கின்றன. அவை குண்டு விழுந்த பள்ளங்கள்.

வியட்நாம் போர் நடந்தபோது வட வியட்நாம் படைக்கு ஆயுதம் போன காட்டுப் பாதை லாவோஸ் வழியாகச் சென்றது. லாவோசுக்குள்ளும் ராஜா படைக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அங்கே 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. சராசரியாக எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானம். இரவு பகலாக, ஒன்பது ஆண்டுகள்! அமெரிக்க மக்களுக்கே அது நெடுநாள் தெரியாமல் மறைக்கப்பட்டது.

பெரிய குண்டு ஒன்று வானில் திறந்து, நூற்றுக்கணக்கான சின்னக் குண்டுகளைச் சிதறவிடும். அப்படி விழுந்த சின்னக் குண்டுகள் 27 கோடி. அவற்றில் பல கோடி குண்டுகள் வெடிக்காமல் மண்ணில் புதைந்துவிட்டன. பந்து அளவுதான் இருக்கும். உழவன் மண்வெட்டி போட்டால் வெடிக்கிறது. சிறுவன் விளையாட எடுத்தால் வெடிக்கிறது. போர் ஓய்ந்த பிறகு மட்டும் 20,000 பேருக்கு மேல் இறந்தோ, காயமடைந்தோ இருக்கிறார்கள்.

2016-ல் லாவோசுக்கு வந்த ஒபாமா, குண்டுகளை அகற்ற மூன்று ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். வேலை இன்னும் முடியவில்லை. ஒரு வயலைச் சுத்தம் செய்வது என்றால், கருவியோடு அடி அடியாக நகர வேண்டும்.

அந்த மக்கள் குண்டு ஓடுகளை வீட்டுக்குத் தூணாக நட்டிருக்கிறார்கள். கீரைப் பாத்தி போட்டிருக்கிறார்கள். விமானம் கழற்றிப் போட்ட பெட்ரோல் தொட்டியைப் படகாக ஓட்டுகிறார்கள். நாபியா என்ற கிராமத்தில் போர்க்கால அலுமினியத்தை உருக்கி, சாம்பல் அச்சில் ஊற்றிக் கரண்டி செய்கிறார்கள். லாவோஸ் போய் வருகிறவர்கள் வாங்கி வரத்தக்க பொருள் அந்தக் கரண்டிதான். விலை சொற்பம். பணம் அந்தக் குடும்பத்துக்கே போகிறது. குண்டு ஓட்டையே விற்க வந்தால் வாங்கக் கூடாது. வாங்க ஆள் இருந்தால், அதைத் தேடிச் சிறுவர்கள் காட்டுக்குள் போவார்கள்.

ஜாடிகள் உள்ள இடத்தில் தரையில் சிறு கற்கள் பதித்திருக்கிறார்கள். பாதி வெள்ளை, பாதி சிவப்பு. வெள்ளைப் பக்கம் சோதித்த நிலம். அங்கே நடக்கலாம். சிவப்புப் பக்கம் கால் வைக்கக் கூடாது.

போவதற்கு நல்ல காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பாங்காக் வழியாகப் போவது எளிது. மலைப் பகுதியில் குளிர் இருக்கும். ஒரு கம்பளிச் சட்டை வேண்டும்.