மரவட்டையின் வகைப்பாடும் உடலமைப்பும்

மழை ஓய்ந்த காலையில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கொல்லைகளிலும் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலும் ஊர்ந்து செல்லும் மரவட்டையை நாம் அனைவரும் அறிவோம். மலாய்மொழியினர் இதனைக் கொங்கோக் என்றும் பூரானை லிப்பான் என்றும் வேறுபடுத்துவர். தமிழிலும் இவ்விரண்டிற்கும் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. ஆயினும், பூரான் என்றஞ்சி மரவட்டையை அடித்துக் கொல்வோர் நம்மிடையே பலர். ஆதலின், இதன் உடலமைப்பைச் சற்று நுணுகிக் காண்போம்.

பூரானுக்குக் கணு ஒன்றுக்கு ஓரிணைக் கால்களே உண்டு. மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டிணை உண்டு. அதனால் இவ்வகுப்பினை இரட்டைக்காலிகள் என்கிறோம். தலையை அடுத்த கழுத்து வளையத்தில் கால்கள் இல்லை. அதற்கடுத்த சில வளையங்களில் ஓரிணையே காணப்படும். ஆயிரங்கால் என்னும் பெயரோ நெடுங்காலம் மிகைக்கூற்றாகவே இருந்தது. 1,306 கால்களையுடைய ஆஸ்திரேலிய இனமொன்று 2021-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பின்னரே அது மெய்யாயிற்று.

மலேசியக் காடுகளில் காணும் பெரிய, உருளை வடிவ மரவட்டைகளுள் பல ஹார்பகோபோரிடே என்னும் குடும்பத்தைச் சார்ந்தவை. ஆஸ்திரிய விலங்கியலார் கார்ல் அட்டெம்ஸ் 1909-இல் இக்குடும்பத்தை வகுத்தார். இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்காசியா வரை இது பரவியுள்ளது. தைரோபைகஸ் என்பது இதன் அறியப்பட்ட பேரினங்களுள் ஒன்று. ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளத்தை எட்டும் இனங்களும் இதில் உண்டு.

இவற்றை நிறத்தாலோ நீளத்தாலோ இனம்பிரிக்க முற்பட்டால் ஏமாறுவோம். நெருங்கிய இனங்கள் புறத்தோற்றத்தில் ஒத்திருக்கும். உறுதியான அடையாளம் ஆணின் ஏழாம் வளையத்தில் உள்ளது. அங்குள்ள கால்களுள் முன்னிணை, நடப்பதற்கன்றி விந்தினைப் பெண்ணிடம் சேர்ப்பதற்கென்றே உருமாறியுள்ளது. கலவிக்கால் என நாம் அழைக்கத்தக்க இவ்வுறுப்பின் மடிப்பும் முனையும் இனத்துக்கு இனம் வேறுபடும். ஆதலின் ஆய்வாளர், முதிர்ந்த ஆணின் கலவிக்காலை நுண்ணோக்கியின்கீழ் வைத்தே இனத்தைத் துணிவர். பெண்ணும் குஞ்சும் மட்டும் கிடைத்தால் இனத்தைத் துணிவது அரிது.

இதற்குப் பூரானைப்போல் நச்சுக்கொடுக்கு இல்லை. சீண்டினால் சுருண்டுகொள்ளும்; பக்கவாட்டுத் துளைகளின் வழியே பென்சோகுயினோன் கலந்த நீர்மத்தைச் சுரக்கும். அது தோலில் கறையும் கண்ணில் எரிச்சலும் உண்டாக்கும். ஆதலின் தொட்ட கையைக் கழுவுதல் நன்று. அதன் உணவோ உதிர்ந்த இலையும் மக்கிய மரமுமே. அவற்றை அரைத்து மண்ணுக்கு உரமாக்கும் பணியை அது ஓசையின்றிச் செய்கிறது.

முன்னோர் மரவட்டை, பூரான் என இரு பெயர் தந்து முதற்பகுப்பைச் செய்தனர். குடும்பம், பேரினம், இனம் என அதனைத் தொடர்வதற்குரிய சொற்களை ஆக்குவது நம் கடன். கழுத்து வளையம், கலவிக்கால் போன்ற சொற்கள் நம் மாணவர் நாவில் பழகுமாயின், காலடியில் ஊரும் உயிரை அவர்கள் மிதிப்பதற்கு முன் உற்றுநோக்குவர்.