வெளிமாநில வேலையாட்களுடன் பேச உதவும் மொழிபெயர்ப்புச் செயலி

காவிரிப் படுகையில் அண்மை ஆண்டுகளாக மேற்கு வங்காளத் தொழிலாளர்கள் பலர் நெல் நடவு செய்து வருகின்றனர். நாற்று முடியைக் காட்டி, கயிற்றைப் பிடித்து, சைகையாலேயே வேலை வாங்கிவிடலாம். ஆனால், "நேற்று இந்த வயலில் பூச்சிக்கொல்லி தெளித்திருக்கிறோம், இறங்க வேண்டாம்" என்பதைச் சைகையால் சொல்ல இயலாது. சொல்லாமல் விட்டால் ஓர் உயிருக்கே ஆபத்து நேரலாம். இக்குறையைப் போக்கச் செல்பேசியிலுள்ள மொழிபெயர்ப்புச் செயலி பெரிதும் பயன்படும்.

செயலியின் பயன்

கூகுள் டிரான்ஸ்லேட் என்னும் செயலியில் 2011ஆம் ஆண்டு தமிழும் வங்காளமும் சேர்க்கப்பட்டன. தமிழில் எழுதினால் வங்காளத்தில் கிடைக்கும். ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டால் வாசித்தும் காட்டும். எனவே, எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளரும் கேட்டுப் புரிந்துகொள்வார். நட்சத்திரக் குறியைத் தொட்டால் அந்த வாக்கியம் சேமிக்கப்படும். அடுத்த முறை புதிதாக எழுத வேண்டியதில்லை. வயலில் சிக்னல் கிடைக்காத இடங்களும் உண்டு. ஆகவே இரு மொழிகளையும் வீட்டிலேயே பதிவிறக்கம் செய்து வைப்பது நல்லது.

எப்படி எழுத வேண்டும்?

நம் வட்டார வழக்கு இயந்திரத்திற்கு எளிதில் விளங்காது. "தண்ணீர் கட்டு" என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தண்ணீரைக் கயிற்றால் கட்டு என்றாகும். "தண்ணீர் பாய்ச்சு" என எழுதுக. "இரண்டு மா நடவு" என்றால் மாமரமா, மாவா எனக் குழப்பம் வரும். ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட்; எனவே "66 சென்ட் நிலம்" என எழுதுக. "மருந்து அடித்த வயல்" என்பதில் 'மருந்து' நோய் தீர்ப்பதையும் குறிக்கும்; 'அடி' உதைப்பதையும் குறிக்கும். "விஷப் பூச்சிக்கொல்லி தெளித்த வயல்" என்பதே தெளிவானது. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி மட்டுமே இருக்கட்டும்.

சரிபார்த்த பின்பே சேமிக்கவும்

தவறான வாக்கியத்தைச் சேமித்தால் அதே தவறு ஒவ்வொரு பருவத்திலும் தொடரும். ஆகவே,

1. கிடைத்த வங்காள வாக்கியத்தை மீண்டும் தமிழுக்கு மாற்றிப் பார்க்கவும். பொருள் மாறியிருந்தால் வேறு சொற்களால் எழுதவும்.

2. தொழிலாளர் குழுவில் ஓரளவு தமிழ் அறிந்த மேஸ்திரியிடம் ஒலிக்கச் செய்து, என்ன விளங்கியது எனக் கேட்கவும்.

3. அவர் சரியாகச் சொன்ன பிறகே நட்சத்திரக் குறியிடவும்.

வகைப்படுத்தி வைத்தல்

இருநூறு வாக்கியங்களைச் சேர்த்து வைத்தால் அவசரத்தில் ஒன்றும் அகப்படாது. இருபது போதும். இவற்றை நான்கு வகையாகப் பிரித்து, ஒரு குறிப்பேட்டிலும் எழுதி வைக்கவும்.

வேலை: "ஒரு குத்துக்கு இரண்டு நாற்று வையுங்கள்."

கூலி: "ஏக்கருக்கு எவ்வளவு கேட்கிறீர்கள்?"

பாதுகாப்பு: "இந்த வயலில் இறங்காதீர்கள்." "காலிப் புட்டியில் தண்ணீர் குடிக்காதீர்கள்." "சோப்புப் போட்டுக் கை கழுவிய பின் சாப்பிடுங்கள்."

உடல்நலம்: "தலை சுற்றுகிறதா?" "வாந்தி வருகிறதா?" "எந்தப் பூச்சிக்கொல்லி பட்டது?"

பாதுகாப்பு வாக்கியங்களை வேலை தொடங்கும் முன்பே ஒலிக்கச் செய்வது சிறந்தது. யாருக்காவது நஞ்சின் அறிகுறி தோன்றினால் செயலியில் தேடிக்கொண்டிராமல் 108க்கு அழைத்து, பூச்சிக்கொல்லிப் புட்டியையும் மருத்துவரிடம் காட்டவும்.

எச்சரிக்கை

பூச்சிக்கொல்லியின் அளவை மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது. புட்டியுடன் வரும் துண்டறிக்கையைப் பார்த்தோ, வேளாண்மை அலுவலரைக் கேட்டோ, அளவுக் குவளையில் நீங்களே அளந்து கொடுங்கள். புட்டியிலுள்ள சாய்சதுரக் குறிக்கு மொழி தேவையில்லை. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என நச்சுத்தன்மை படிப்படியாகக் குறையும். ஆனால் பச்சையும் நஞ்சே. இதையும் ஒரு வாக்கியமாகச் சேமித்து வைக்கவும்.

நம் வயலில் இறங்குபவர் எம்மொழி பேசினாலும் அவர் நலம் நம் பொறுப்பே. நடவு தொடங்குமுன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி இந்த இருபது வாக்கியங்களைச் சேர்த்து வைத்துப் பயன் பெறுங்கள்.