கறவை மாட்டைக் காக்கும் பழைய ரேடியோ காந்தம்

கறவை மாடு திடீரென்று தீனியைத் தள்ளுகிறது. பாலும் ஒரே நாளில் வெகுவாகக் குறைகிறது. அஜீரணம் என்று கருதிச் சுக்கு, மிளகு கொடுத்துப் பார்த்தும் குணமில்லை. இத்தகைய மாடுகளில் சிலவற்றின் நோய்க்குக் காரணம், தீவனத்தோடு வயிற்றுக்குள் போன ஓர் அங்குலக் கம்பித் துண்டே ஆகும். பரணில் கிடக்கும் பழுதான ரேடியோவின் காந்தத்தைக் கொண்டு இந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கலாம்.

கம்பி எப்படிப் போகிறது?

ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடோ நாக்கால் வளைத்து இழுத்து, சரியாக மெல்லாமலே விழுங்கிவிடும். வேலிக் கம்பி, கூரை வேயும்போது சிந்திய கட்டுக்கம்பி, ஆணி, ஊசி, எரித்த டயரிலிருந்து விழும் மெல்லிய கம்பி ஆகியவை இவ்வாறு உள்ளே போகின்றன. தட்டை நறுக்கும் இயந்திரம் வைத்திருப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். தட்டையில் சிக்கிய நீளக் கம்பியை அது கூரிய சிறு துண்டுகளாக வெட்டிவிடும்.

உட்சென்ற கம்பி, மாட்டு வயிற்றின் இரண்டாவது அறையில் தங்கும். உட்சுவர் தேன்கூடு போலிருக்கும் இந்த அறை சுருங்கும்போதெல்லாம் கம்பி சுவரைக் குத்தும். உதரவிதானத்துக்கு அப்பால் சில சென்டிமீட்டர் தூரத்தில் இதயம் இருப்பதால், கம்பி அதையும் எட்டிவிடலாம். சினை முற்றிய மாடுகளுக்கும் ஈனும் சமயத்திலும் வயிற்றில் அழுத்தம் கூடுவதால் அபாயம் அதிகம்.

அறிகுறிகள்

மாடு முதுகை வளைத்து, முன்னங்கால்களை அகற்றி நிற்கும். சரிவில் இறங்கத் தயங்கும். படுக்கும்போதும் எழும்போதும் முனகும். இதயம் பாதிக்கப்பட்டால் கழுத்து நரம்பு புடைத்து, தாடைக்கு அடியிலும் நெஞ்சுப் பகுதியிலும் வீக்கம் காணும். அந்த நிலையில் பிழைப்பது அரிது. ஆகவே முதல் அறிகுறியிலேயே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காந்தம் எடுக்கும் முறை

ரேடியோ அல்லது டேப் ரெக்கார்டரின் மின் இணைப்பைத் துண்டித்து, பேட்டரிகளையும் எடுத்துவிட வேண்டும். ஸ்பீக்கரின் பின்புறம் கறுப்பு வளையமாகத் தெரிவதே காந்தம். இரு இரும்புத் தகடுகளுக்கு இடையே அது ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டிய இடத்தில் உளியை வைத்து மெல்லத் தட்டினால் தகடு பிரியும். காந்தம் மண்பாண்டம் போல் உடையக்கூடியது. சில்லு தெறிக்காதபடி சாக்குத் துணியால் மூடிக்கொண்டு தட்ட வேண்டும். ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் கேட்டால் எளிதில் பிரித்துத் தருவார்.

பழைய டி.வி. பெட்டியை விவசாயிகள் தாமே திறக்கக் கூடாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதன் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

பயன்படுத்தும் விதம்

மூன்று அல்லது நான்கு வளையங்களை இடைவெளி விட்டு ஒரு பலகையில் வைத்து, நடுத் துளை வழியே வாஷருடன் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். உடைந்த சில்லு தீவனத்தில் விழுந்தால் அதுவே தீங்காகும். எனவே பலகையைக் கெட்டித் துணியால் சுற்ற வேண்டும். ஒட்டிய இரும்பை அகற்றுவதும் சுலபம். தொழுவத்துக்கு அப்பால் துணியைக் கழற்றி உதறினால் போதும்.

தவிடு, பிண்ணாக்குத் தூளைச் சாக்கில் மெல்லியதாகப் பரப்பி, அதன் மேல் பலகையை ஒட்டினாற்போல் இருமுறை நகர்த்த வேண்டும். கிளறிவிட்டு மறுபடியும் நகர்த்த வேண்டும். நறுக்கிய தட்டையைப் பலகையின் மேல் சிறிது சிறிதாகச் சரியவிடலாம். குவியலின் அடியில் கிடக்கும் கம்பியைக் காந்தம் எட்டாது. செம்பு, அலுமினியம், கண்ணாடி ஆகியவை காந்தத்தில் ஒட்டா. அவற்றைக் கண்ணால் பார்த்தே பொறுக்க வேண்டும்.

மாட்டின் வயிற்றுக்குள் செலுத்துவதற்கென, முனை மழுங்கிய விரல் பருமனுள்ள காந்தம் தனியே உண்டு. அதை மருத்துவரே செலுத்த வேண்டும். ரேடியோ காந்தத்தை ஒருபோதும் மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது.

மீதியை என்ன செய்வது?

பழைய பெட்டிகளின் படக்குழாய்க் கண்ணாடியிலும், பற்றவைத்த சர்க்யூட் பலகையிலும் ஈயம் உண்டு. அவற்றை எருக்குழியில் போட்டாலோ வயலோரம் எரித்தாலோ ஈயம் மண்ணில் சேரும். எதையும் நக்கிப் பார்க்கும் கன்றுகளுக்கு ஈயம் கொடிய விஷம். 1-4-2023 முதல் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, இவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டியவை.

காந்தப் பலகைக்கு ஆகும் செலவு போல்ட்டுக்கும் துணிக்கும் மட்டுமே. கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் சிறு விவசாயிகள், தீவனம் வைக்குமுன் நாள்தோறும் சில நிமிடம் செலவிட்டால் மாட்டையும் பால் வருமானத்தையும் காத்துக்கொள்ளலாம்.