மாதச் சந்தாவில் கேம்: பணம் கட்டுமுன் பற்றுச்சீட்டைக் கேளுங்கள்

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் வசிக்கும் ஓர் இளைஞர், "ஒரு வருடச் சந்தா, பாதி விலை" என்ற முகநூல் விளம்பரத்தை நம்பி பிளேஸ்டேஷன் பிளஸ் கணக்கொன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் மட்டுமே. மூன்றாம் மாதம் கடவுச்சொல் மாறிவிடுகிறது. விற்றவரின் முகநூல் பக்கத்தையும் காணோம். பணத்தை யாரிடம் கேட்பது?

சோனியின் பிளேஸ்டேஷன் வலையமைப்பும் மைக்ரோசொஃப்டின் கேம் பாஸும் இலங்கையைத் தமது சேவை நாடுகளில் சேர்க்கவில்லை. அதனால்தான் இங்குள்ளவர்கள் வேறு நாட்டின் பெயரில் கணக்குத் திறக்கிறார்கள், அல்லது இடைத்தரகரிடம் போகிறார்கள். சோனி கணக்கில் ஒருமுறை தெரிவுசெய்த நாட்டைப் பிறகு மாற்றவும் முடியாது. 2024 மே மாதம், 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டைக் கணினியில் ஆடவும் சோனி கணக்கு கட்டாயம் என்ற அறிவிப்பை அடுத்து, அந்த வலையமைப்பு இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் அதன் விற்பனை நின்றது. எதிர்ப்பு வலுத்ததும் சோனி அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது.

சந்தா இலாபமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேம் பாஸ் அல்டிமேட்டின் அமெரிக்க மாதக் கட்டணம் 2025 ஒக்டோபர் 1 அன்று 19.99 டொலரிலிருந்து 29.99 டொலராக உயர்ந்தது. அந்தக் கட்டணப்படி வருடத்துக்கு ஏறத்தாழ 360 டொலர்; டொலர் 300 ரூபா என்றால் 108,000 ரூபா. 70 டொலர் விலையுள்ள புதிய விளையாட்டுகள் ஐந்தை அந்தப் பணத்தில் வாங்கிவிடலாம். மாதம் ஒரு புது விளையாட்டை ஆடி முடிப்பவருக்குச் சந்தா கட்டுப்படியாகும். வருடம் முழுவதும் ஒரே கிரிக்கெட் விளையாட்டை ஆடுபவருக்கு நட்டம்தான்.

சந்தாவில் இருப்பது நிலைப்பதுமில்லை. 2020 ஜனவரியில் கேம் பாஸில் சேர்ந்த 'ஜிடிஏ 5', அதே வருடம் மே மாதம் வெளியேறியது. விலை கொடுத்து வாங்கியதுகூடக் கைநழுவலாம்: 'த குரூ' விளையாட்டின் சேவையகங்களை யுபிசொஃப்ட் 2024 மார்ச் 31 அன்று மூடியபோது, வாங்கியவர்களாலும் அதை ஆட முடியவில்லை. விற்கப்படுவது விளையாட்டல்ல, அதை ஆடும் உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற கலிபோர்னியச் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

வெளிநாட்டு நிறுவனத்தை இங்கிருந்து கேள்வி கேட்பது கடினம். விற்ற கடைக்காரரைக் கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் விற்பனையாளர் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். ஏமாற்றும் விதமாகப் பேசி விற்பதும் குற்றம். கண்டியில் எந்தக் கடையில் வாங்கினாலும் சந்தாவின் பெயர், காலம், யாருடைய கணக்கு என்ற மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். முறைப்பாட்டை வாங்கிய மூன்று மாதத்துக்குள் அதிகார சபையிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதன் தொலைபேசி இலக்கம் 1977.

பிறர் திறந்த கணக்கை வாங்காதீர்கள். அத்தகைய விற்பனை நிறுவன விதிகளுக்கு முரணானது. கணக்கு முடக்கப்பட்டால் நிறுவனத்திடம் முறையிடவும் வழியில்லை. உங்கள் சொந்தக் கணக்கில் யாராவது ஊடுருவினால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பை 101இல் அழையுங்கள். அட்டையைப் பதிந்த அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். நீங்கள் அனுமதிக்காத தொகை கழிந்திருந்தால் உடனே வங்கிக்கு எழுதுங்கள். வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்து, பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, பேசிய குறுஞ்செய்திகள் ஆகியவற்றோடு முறையிடலாம்.