குண்டு பாயும் தெருக்கள்: சிகாகோவின் நூறாண்டுக் கணக்கு

அமெரிக்க நகரங்களின் துப்பாக்கி வன்முறை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் அடிபடும் பெயர் சிகாகோ. சுமார் 27 லட்சம் பேர் வாழும் அந்நகரில் 2021-ல் ஏறக்குறைய 800 பேர் கொலையுண்டார்கள். மிகப் பெரும்பாலோர் துப்பாக்கிக்குப் பலியானவர்கள். அவ்வாண்டு வேறெந்த அமெரிக்க நகரிலும் இத்தனை கொலைகள் நடக்கவில்லை. ஆனால் வெறும் தலைக்கணக்கைக் கொண்டு ஒரு நகரை எடைபோட முடியாது. குற்ற விகிதம் என்பது ஒரு லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்ற கணக்கு. அப்படிப் பார்த்தால் சிகாகோவின் கொலை விகிதம் 30-ஐ ஒட்டி வருகிறது. மூன்று லட்சம் பேரே உள்ள செயின்ட் லூயிஸில் 2020-ல் 263 கொலைகள் நடந்தன. அங்கே விகிதம் 87-ஐத் தொட்டது. பால்டிமோர், நியூ ஆர்லியன்ஸ் நகரங்களும் சிகாகோவை மிஞ்சியவைதான். நாட்டின் சராசரியோ அந்த ஆண்டுகளில் 7-ஐ ஒட்டியே இருந்தது.

நகரச் சராசரியும் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டிய வசதியான ஸ்ட்ரீட்டர்வில் பகுதியில் பிறக்கும் குழந்தை 90 வயதுவரை வாழும் என எதிர்பார்க்கலாம். அங்கிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் எங்கில்வுட்டில் அந்த எதிர்பார்ப்பு 60 வயது. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட கணக்கு இது. அமெரிக்காவின் வேறெந்தப் பெருநகரத்துக்குள்ளும் இவ்வளவு பெரிய இடைவெளியை அவர்கள் காணவில்லை. முப்பது ஆண்டு ஆயுளைப் பறிப்பது துப்பாக்கி மட்டும் அல்ல. சர்க்கரை நோய், இதய நோய், மருத்துவ வசதிக் குறைவு எல்லாம் சேர்ந்தே பறிக்கின்றன. ஆனால் குண்டு அதிகம் விழுவதும் எங்கில்வுட் போன்ற பகுதிகளில்தான்.

எங்கில்வுட்டுக்குள்ளும் எல்லாத் தெருவும் ஒன்றுபோல் இல்லை. சமூகவியலாளர் ஆண்ட்ரூ பாப்பக்ரிஸ்டோஸ் சிகாகோவின் கைதுப் பதிவுகளை வைத்து, யார் யாரோடு சேர்ந்து பிடிபட்டார்கள் என்ற உறவு வலையை வரைந்து பார்த்தார். சுடப்பட்டு உயிர் தப்பியவர்களில் சுமார் 70 சதவீதத்தினர், நகர மக்கள்தொகையில் 6 சதவீதத்துக்கும் குறைவான ஒரு வலைக்குள் இருந்தவர்கள். நண்பன் ஒருவன் சுடப்பட்டால் அடுத்த குண்டு அவனைச் சுற்றியுள்ளவர்களைத் தேடி வருகிறது. ஆபத்தான பேட்டை என்று பெயரெடுத்த இடத்தில்கூட, பெரும்பாலான குடும்பங்கள் யாரையும் சுடாமலும் யாராலும் சுடப்படாமலும் வாழ்ந்து முடிக்கின்றன என்பதையே இந்த எண்கள் உணர்த்துகின்றன.

இருந்தும் ஒரு கசப்பான உண்மையை ஒதுக்கிவிட முடியாது. சிகாகோ மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே கறுப்பினத்தவர்; கொலையுண்டவர்களில் அவர்கள் நான்கில் மூன்று பங்குக்கும் மேல். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் இனம் பற்றிய விவாதம் முழுவதும் நடக்கிறது. கறுப்பினப் பண்பாட்டிலேயே ஏதோ கோளாறு என்கிறது ஒரு தரப்பு. இதைப் பேசுவதே இனவெறிக்குத் துணைபோவது என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டுமே தவறு. அந்தத் தெருக்கள் எப்படி உருவாயின என்பதைப் பார்த்தால் இது தெளிவாகும்.

1910-ல் சிகாகோவில் கறுப்பினத்தவர் சுமார் 44,000 பேர். தெற்கு மாநிலங்களின் பருத்தி வயல்களிலிருந்தும், வெள்ளையர் கும்பல்களின் கொலைகளிலிருந்தும் தப்பி வடக்கே வந்த பெரும் இடப்பெயர்வு, 1970-க்குள் அந்த எண்ணிக்கையைப் பத்து லட்சத்துக்கு மேல் கொண்டுபோனது. ‘சிகாகோ டிஃபென்டர்’ என்ற கறுப்பினப் பத்திரிகையை ரயில் சிப்பந்திகள் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வடக்கில் வேலை இருக்கிறது என்ற சேதி ஊர் ஊராகப் பரவியது. வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது. வீடு கிடைத்தது நகரின் தெற்கில் ஒரு குறுகிய பட்டையில் மட்டுமே.

அந்த எல்லை தண்ணீரிலும் இருந்தது. 1919 ஜூலை 27 அன்று மிச்சிகன் ஏரியில் மிதந்துகொண்டிருந்த 17 வயது யூஜின் வில்லியம்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன், வெள்ளையர் தமதென்று கருதிய நீர்ப்பகுதிக்குள் போய்விட்டான். கரையிலிருந்து கல் எறிந்தார்கள்; அவன் மூழ்கி இறந்தான். கல் எறிந்தவரைக் கைதுசெய்யப் போலீஸ்காரர் மறுத்தார். மூண்ட கலவரத்தில் 23 கறுப்பினத்தவரும் 15 வெள்ளையரும் மாண்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் கறுப்பினக் குடும்பங்கள் வீடிழந்தன.

பிறகு அந்த எல்லையைக் காகிதங்கள் காத்தன. கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்று வெள்ளையர் வீட்டுப் பத்திரங்களிலேயே நிபந்தனை எழுதப்பட்டது. 1948-ல்தான் உச்ச நீதிமன்றம் அத்தகைய நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாது என்றது. 1930-களில் மத்திய அரசின் வீட்டுக் கடன் அமைப்பு வரைந்த வரைபடங்களில் கறுப்பினப் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டப்பட்டது. கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள். வங்கிக் கடன் கிடைக்காதவர்கள் தரகர்களிடம் தவணை ஒப்பந்தத்தில், இரு மடங்கு விலைக்குக்கூட, வீடு வாங்கினார்கள். கடைசித் தவணை கட்டும்வரை வீடு தரகர் பெயரில்தான் இருக்கும். ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும், அதுவரை கட்டிய பணமும் போகும். ஒரு தலைமுறையின் சேமிப்பை இந்த ஒப்பந்தங்கள் உறிஞ்சிவிட்டன. மார்ட்டின் லூதர் கிங் 1966-ல் வந்து குடியேறிய நார்த் லான்டேல் இப்படிப்பட்ட ஒரு பகுதி. அவ்வாண்டு ஆகஸ்டில், வீட்டுப் பாகுபாட்டை எதிர்த்து மார்க்வெட் பூங்காவில் நடந்த ஊர்வலத்தில் அவர் தலையில் கல் விழுந்தது.

அரசு கட்டிக்கொடுத்த வீடுகளும் அதே பட்டைக்குள்ளேயே எழும்பின. 1962-ல் முடிந்த ராபர்ட் டெய்லர் குடியிருப்பில் 28 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 16 மாடி, நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாக. அங்கே ஏழைகள் குவிக்கப்பட்ட அதே காலத்தில் நகரின் தொழிற்சாலைகள் மூடப்படத் தொடங்கின. விஸ்கான்சின் ஸ்டீல் 1980-ல் கதவடைத்தது, யு.எஸ். ஸ்டீலின் சவுத் வொர்க்ஸ் 1992-ல் நின்றது. சிகாகோவில் ஆய்வுசெய்த வில்லியம் ஜூலியஸ் வில்சன், வேலை மறைந்த பகுதியில் குடும்பம், கடை, தேவாலயம் எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்வதைத் தம் நூல்களில் காட்டினார். அந்த வெற்றிடத்தில் கிராக் கோக்கைன் என்ற போதைப்பொருள் வந்து இறங்கியது. 1992-ல் நகரில் 900-க்கும் மேற்பட்டோர் கொலையுண்டார்கள்.

அடுத்து நடந்தது இன்னும் சிக்கலானது. பெரிய தெருக் கும்பல்களின் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். ராபர்ட் டெய்லர் மாடிக் குடியிருப்பை 2007-க்குள் இடித்துத் தள்ளினார்கள். குடியிருந்தவர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள். தலைமை போன கும்பல்கள் இரண்டு மூன்று தெருவுக்கு ஒன்றாகச் சில்லுசில்லாக உடைந்தன. முன்பு போதைப்பொருள் சந்தைக்காக நடந்த சண்டை இப்போது இணையத்தில் போட்ட ஒரு வசைக்காக, செத்துப்போன நண்பனைக் கேலிசெய்த ஒரு பாட்டுக்காக நடக்கிறது. பஞ்சாயத்து பேச மேலே ஆளில்லை. பழிக்குப் பழி மட்டும் மிஞ்சியது.

துப்பாக்கிகள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வியும் நகர எல்லையோடு முடிவதில்லை. கைத்துப்பாக்கிக்கு சிகாகோ 1982-ல் தடை விதித்தது. அந்தத் தடையை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் முதன்மையானவர் ஓட்டிஸ் மெக்டொனால்ட் என்ற கறுப்பின முதியவர். லூசியானாவில் குத்தகை விவசாயிக் குடும்பத்தில் பிறந்து, சிகாகோவில் உழைத்து ஓய்வுபெற்றவர். தம் தெருவில் சுற்றும் கும்பல்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளத் துப்பாக்கி வேண்டும் என்றார். 2010-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்ப்பவர் என்றால் கிராமத்து வெள்ளையர் என்று நினைப்பவர்கள் இவரை நினைவில் வைப்பது நல்லது. இன்னொரு பக்கம், சிகாகோவில் குற்றங்களில் சிக்கும் துப்பாக்கிகளில் ஐந்தில் மூன்று பிற மாநிலங்களிலிருந்து வருவதாக நகர நிர்வாகத்தின் 2017 அறிக்கை சொன்னது. ஐந்தில் ஒன்று பக்கத்து இண்டியானாவிலிருந்து. குற்றப் பதிவு இல்லாத ஒருவர் பினாமியாகக் கடையில் வாங்கி, காரில் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து கைமாற்றிவிடுகிறார்.

சுடப்பட்டவர் குடும்பத்துக்கு நீதி கிடைக்கிறதா? 2016-ல் சிகாகோவில் கொலைகள் ஒரே ஆண்டில் சுமார் 58 சதவீதம் கூடின. அந்தக் கொலைகளில் அதே ஆண்டுக்குள் துப்பு துலங்கியவை நான்கில் ஒன்றுதான். காயத்தோடு உயிர் தப்பியவர்களின் வழக்குகளில் இருபதில் ஒன்று. சாட்சிகள் வாய் திறப்பதில்லை என்று போலீஸார் குறை சொல்கிறார்கள். சாட்சி சொன்னால் யார் காப்பாற்றுவது என்று மக்கள் கேட்கிறார்கள். அவர்கள் அவநம்பிக்கைக்குக் காரணம் உண்டு. ஜான் பர்ஜ் என்ற போலீஸ் அதிகாரியும் அவர் கீழிருந்தவர்களும் 1972 முதல் 1991 வரை நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். 2015-ல் நகர மன்றம் மன்னிப்புக் கோரி 55 லட்சம் டாலர் இழப்பீடு ஒதுக்கியது. 17 வயது லக்வான் மெக்டொனால்ட் என்ற கறுப்பினச் சிறுவனை ஒரு போலீஸ்காரர் 16 முறை சுட்டது 2014 அக்டோபரில். அந்தக் காணொளி வெளிவர ஓராண்டுக்கு மேல் ஆனது, அதுவும் நீதிமன்ற உத்தரவால். போலீஸ் அதிகம் தொல்லை கொடுக்கும் தெருவும், கொலைகாரன் பிடிபடாத தெருவும் ஒரே தெருவாக இருப்பதுதான் இங்குள்ள கொடுமை.

‘கறுப்பினத்தவரைக் கறுப்பினத்தவரே கொல்கிறார்கள்’ என்ற வாதம் தொலைக்காட்சி விவாதங்களில் ஓயாமல் வரும். அமெரிக்கா முழுவதும் கொலையுண்ட கறுப்பினத்தவரில் பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது கறுப்பினத்தவர் என்பது மெய்தான். கொலையுண்ட வெள்ளையரில் பத்தில் எட்டுப் பேரைக் கொன்றது வெள்ளையர் என்பதும் மெய். யாரோடு வாழ்கிறார்களோ அவர்களோடுதான் மனிதர்கள் சண்டையிடுகிறார்கள். கறுப்பினச் சமூகம் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்ற குற்றச்சாட்டோ அப்பட்டமான பொய். தலைநகர் வாஷிங்டனில் கடும் தண்டனை கேட்டு முன்னின்றவர்களில் கறுப்பினத் தலைவர்களும் இருந்தார்கள் என்பதை ஜேம்ஸ் ஃபோர்மன் தமது 2017 நூலில் ஆவணப்படுத்தினார். அவர்கள் போலீஸோடு வேலைவாய்ப்பையும் பள்ளியையும் வீட்டையும் கேட்டார்கள். கிடைத்தது சிறைச்சாலை மட்டும்.

சிகாகோவின் தெற்குப் பகுதி மக்கள் வாய் திறந்ததற்குக் கண்ணெதிரே ஒரு சான்று இருக்கிறது. பலத்த காயமடைந்த பெரியவர்களுக்கான அவசர சிகிச்சை மையத்தைச் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனை 1988-ல் மூடியது. 2010-ல் 18 வயது இளைஞர் ஒருவர், அந்த மருத்துவமனைக்குச் சில தெருக்கள் தள்ளிக் குறிதவறிய குண்டுக்கு இரையானார். ஆம்புலன்ஸ் அவரை 15 கிலோமீட்டர் தாண்டி நகர மையத்துக்குக் கொண்டுபோனது, அவர் பிழைக்கவில்லை. அவரே ஓர் இளைஞர் அமைப்பின் செயல்வீரர். தோழர்கள் ஆண்டுக்கணக்கில் ஊர்வலம் போனார்கள், மறியல் செய்தார்கள், கைதானார்கள். 2018 மே மாதம் அந்த மையம் மீண்டும் திறந்தது.

வன்முறையைத் தணிக்க என்ன செய்தால் பலிக்கும் என்பதற்கும் சிகாகோவே பெரிய ஆய்வுக்களம். தொற்றுநோய் மருத்துவர் கேரி ஸ்லட்கின், துப்பாக்கிச் சூடு நோய்போல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது என்ற எண்ணத்தில் 2000-ல் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க்கில் ஒரு திட்டம் தொடங்கினார். முன்னாள் கும்பல் உறுப்பினர்களே இரவில் தெருவுக்குப் போய்ப் பழிவாங்கக் கிளம்புகிறவனிடம் பேசித் தடுப்பார்கள். சில பகுதிகளில் சூடுகள் குறைந்தன, சிலவற்றில் குறையவில்லை. ‘பிகமிங் எ மேன்’ என்ற பள்ளித் திட்டம் இன்னும் உறுதியான பலன் காட்டியது. முதல் நாள் மாணவர்களை இருவர் இருவராக நிறுத்தி, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, முப்பது நொடிக்குள் அதை வாங்கு என்று மற்றவனிடம் சொல்வார்கள். எல்லோரும் கட்டிப்புரண்டு பிடுங்கப் பார்ப்பார்கள். பந்தைக் கொடு என்று ஏன் யாரும் கேட்கவில்லை என்று ஆசிரியர் கேட்பார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்றால், கொடுத்திருப்பேன், அது வெறும் பந்துதானே என்பான் பையன். கொதிப்பில் கை ஓங்குமுன் ஒரு நொடி நின்று யோசிக்கப் பழக்குவதே பாடம். திட்டத்தில் இருந்த காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. திட்டம் முடிந்தபின் அந்தப் பலன் நீடிக்கவில்லை. ஓராண்டுப் பாடத்தால் நூறாண்டு அநீதியை ஈடுகட்டச் சொல்வது நியாயமும் இல்லை.

2020-ல் அமெரிக்கா முழுவதும் கொலைகள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடின. பதிவுகளில் அப்படியோர் ஓராண்டு ஏற்றம் முன்பு இல்லை. பெருந்தொற்றில் பள்ளிகளும் சேவைகளும் மூடப்பட்டது, ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்றபின் போலீஸ்மீது நம்பிக்கை உடைந்தது, துப்பாக்கி விற்பனை பெருகியது எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. 2022 முதல் எண்ணிக்கை இறங்கி வருகிறது. சிகாகோவில் 2024-ல் 573 கொலைகள். 2025-ல் 420-ஐ ஒட்டி நின்றது, 1960-களுக்குப் பிறகு காணாத குறைவு. வன்முறைத் தடுப்பு அமைப்புகளுக்குக் கிடைத்த பொது நிதியும் இதற்கு ஒரு காரணம் என்று களத்தில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். அந்த அமைப்புகளுக்கான மத்திய மானியங்களில் பலவற்றை அமெரிக்க நீதித்துறை 2025 ஏப்ரலில் ரத்துசெய்தது. இல்லினாய் மாநிலம் 2021-ல் சட்டம் இயற்றி இதற்கென ஒதுக்கிய 25 கோடி டாலரும் தனியார் அறக்கட்டளைகளின் கொடையும் சிகாகோவின் தெருப் பணியாளர்களுக்குக் கைகொடுத்து வந்திருக்கின்றன.