மதகடிக் கரடி

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில், புரூக்ஸ் அருவியில் எகிறும் சால்மன் மீனைப் பழுப்புக் கரடி வாயாலேயே கவ்வுகிறது. "நம்ம கல்வராயன் மலையிலயும் கரடி இருக்கே மாமா, மீன் பிடிக்குமா?" என்று கேட்டிருந்தான்.

ஐப்பசி மழை விட்ட காலையில் கச்சிராயபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆற்றை அங்கே 46 அடி அணை மறிக்கிறது. கீழே ஒரு வாய்க்கால் மதகடியில் ஒரே கூச்சல். செந்தண்ணீரை எதிர்த்துச் சினைக் கெண்டைகள் துள்ளின. அலாஸ்கா சால்மன் கடலிலிருந்து, தான் பிறந்த ஓடைக்கே திரும்பி, முட்டையிட்டுச் சாகும். நம் கெண்டைக்கு அவ்வளவு தூரப் பயணமில்லை. புதுவெள்ளம் வந்தால் போதும், முட்டையிட மேட்டுத் தண்ணீரைத் தேடி ஏறும்.

அங்கிருந்து மலைமேல் வெள்ளிமலை போகும் வழியில் டீக்கடைப் பெரியவரிடம் மருமகன் கேள்வியைக் கேட்டேன். சிரித்தார்.

"அதுக்கு எதுக்கு சார் மீனு? புத்து இருக்கே. மழையில மண்ணு இளகுனா தோண்டச் சுளுவு."

சாலையோரம் பிளந்து கிடந்த புற்றைக் காட்டினார். நக வரிகள் ஈரம் காயாமல் இருந்தன. நம் கரடிக்கு மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது. மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, உதட்டைக் குழாயாக்கி, அந்தச் சந்து வழியே கறையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு மீட்டர் தாண்டியும் கேட்கும். தேன், நாவல், இலந்தை, கொன்றைக்காய் எல்லாம் தின்னும்.

"கொன்னக்காயத் தின்னுட்டு அது கழிஞ்ச எடத்துல கன்னு மொளைக்கும் சார்."

அலாஸ்காக் கரடியும் காட்டுக்கு உழைக்கிறது. கரைக்கு இழுத்துப் போய்த் தின்று மிச்சம் வைக்கும் மீன் மட்கி, கடலின் சத்து மரத்தின் வேருக்குப் போகிறது.

"பொழுது சாயறதுக்குள்ள எறங்கிடுங்க. நடந்தா பேசிக்கிட்டே நடங்க. திடீர்னு எதுர நின்னாத்தான் மேல பாயும்" என்றார். கரடியைப் பார்க்காமலே இறங்கினேன்.

மாலையில் அதே மதகடி. வாய்க்காலின் குறுக்கே, கரைக்குக் கரை கொசுவலை. பக்கெட் நிறையச் சினை மீன். வலைக்கு மேலே ஒரு துள்ளலும் இல்லை.

மருமகனுக்கு எழுதினேன்: "மலைக் கரடி மீன் பிடிக்காதுப்பா. மதகடியில நிக்கிற கரடி நாமதான். அலாஸ்காக் கரடி, ஏறுற மீனுக்கு வழி விட்டுத்தான் தின்னுது."