மணலில் "அ" எழுதிய ஜெர்மன் பாதிரியார்

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாருக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது தரங்கம்பாடி. 1620-ம் ஆண்டில் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் இந்தக் கடற்கரை ஊரை டென்மார்க் நாட்டு வியாபாரிகளுக்குக் குத்தகைக்கு விட்டார். அவர்கள் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டை இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது.

1706-ம் ஆண்டு ஜூலை மாதம் 9-ந் தேதி, டென்மார்க் மன்னர் அனுப்பிய இரண்டு ஜெர்மன் பாதிரிமார்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பெயர் சீகன்பால்கு. வயது 23. உடம்பு சுகமில்லாதவர். இன்னொருவர் புளுட்சோ.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் இந்தக் கடற்கரையில் தமிழ் தெரியாமலே காலம் தள்ளிவிடலாம். போர்த்துக்கீசிய மொழி தெரிந்தால் போதும். வியாபாரப் பேச்சு எல்லாம் அதில்தான். (நம் வீட்டு ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அந்த மொழி நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொற்களே!)

புளுட்சோ போர்த்துக்கீசிய மொழியை எடுத்துக்கொண்டார். சீகன்பால்கு தமிழைப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளைகளோடு பிள்ளையாக...

தமிழ் கற்பது எப்படி? கையில் அகராதி இல்லை. இலக்கணப் புத்தகமும் இல்லை. சீகன்பால்கு ஒரு வழி கண்டுபிடித்தார். திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு முதிய வாத்தியாரைத் தம் வீட்டிலேயே வந்து பள்ளியை நடத்தும்படி கேட்டுக்கொண்டார். சின்னஞ்சிறு பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதினார்கள். அவர்கள் பக்கத்தில் நீண்ட அங்கி அணிந்த பாதிரியாரும் உட்கார்ந்து "அ", "ஆ" எழுதினார்!

எழுத்து வந்துவிட்டது. ஆனால் பொருள் விளங்கவில்லை. வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. அப்போதுதான் அழகப்பன் என்பவர் கிடைத்தார். இவர் டென்மார்க் கம்பெனியில் துபாஷாக இருந்தவர். பல மொழிகள் அறிந்தவர். சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லிக் கொடுத்தார்.

அதன் பிறகு சீகன்பால்கு வைத்துக்கொண்ட நேர அட்டவணை கடுமையானது. காலையில் முதலில் பழைய சொற்களை ஒப்பிக்க வேண்டும். பிறகு மதியம் வரை தமிழ்ச் சுவடிகள். பக்கத்தில் ஒரு வயோதிகப் புலவர் உட்கார்ந்து பொருள் சொல்லுவார். இன்னொருவர் புதுச் சொற்களை எழுதிக்கொள்ளுவார். பிற்பகலில் மறுபடியும் படிப்பு. இரவில் கண் களைத்துவிடுமே! அதனால் வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்.

ஊர் ஊராக ஆள் அனுப்பிச் சுவடிகளை வாங்கினார். 1708-ல் அவர் தயாரித்த பட்டியலில் 119 தமிழ் நூல்கள் இருந்தன. தொல்காப்பியமும் திருக்குறளும் அவற்றில் உண்டு. அதே ஆண்டில் கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் பிள்ளைகள் பாடம் பண்ணும் நூல்கள்! அவை அச்சில் வந்தது 1930-ல்தான்.

சிறையும் கண்டனமும்

சீகன்பால்குவுக்கும் கோட்டைத் தலைவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1708 நவம்பரில் பாதிரியார் கோட்டைக்குள்ளேயே சிறை வைக்கப்பட்டார். நான்கு மாதம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

இன்னொரு அடி சொந்த நாட்டிலிருந்தே வந்தது. தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். இந்த மக்களின் சமயத்தை ஒழிக்கத்தானே உம்மை அனுப்பினோம், அதை இங்கே பரப்பவா என்ற பொருளில் பதில் வந்தது. அவர் இறந்து ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழித்து, 1867-ல் சென்னையில் அந்த நூல் அச்சேறியது.

அவர் மதம் பரப்ப வந்தவர்தான். அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனாலும் அவர் சேர்த்த சுவடிப் பட்டியலைப் பார்க்கிறவர்களுக்கு, வேலைக்குத் தேவையானதை விட அதிகமாகவே அவர் தமிழைப் படித்திருக்கிறார் என்பது தெரியும்.

லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரில் தமிழ் எழுத்துக்கள் வார்த்து அனுப்பினார்கள். அவை மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்கள் வார்த்தார்கள். 1714, 1715-ம் ஆண்டுகளில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. காகிதம் செய்யப் பக்கத்திலுள்ள பொறையாறில் ஒரு ஆலையும் வைத்தார்கள். ஆலை நிலைக்கவில்லை. அந்த இடத்துக்கு மட்டும் கடுதாசிப் பட்டறை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

1714-ல் அவர் ஊருக்குக் கப்பல் ஏறினார். கூடவே மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் அழைத்துப் போனார். கப்பலிலும் தமிழ் பேச ஆள் வேண்டுமே! ஐரோப்பியர்கள் தமிழ் கற்பதற்காக லத்தீன் மொழியில் அவர் எழுதிய இலக்கணம் 1716-ல் ஹாலேயில் வெளிவந்தது.

அதே ஆண்டில் மனைவியுடன் தரங்கம்பாடிக்குத் திரும்பினார். 1718-ல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். மறு ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. அந்த ஆலயத்தில், பலிபீடத்துக்கு முன்னால் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.